நூல் தாண்டாத வாத்தியார்

நமச்சிவாயம் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சடுகுடு ஆடியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றிக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எழுந்த எல்லாச் சர்ச்சைகளையும் அவருடைய எதிரிகள் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குவார்கள். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிராளியின் பக்கம் போய்த் திரும்ப வேண்டிய ஆட்டம் அது. அவருக்கோ தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பினாலே மூச்சு வாங்கும். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டு நெய்வதற்கென்றே வார்த்த உடம்பு. எழுந்து நின்றால் யாரோ சுவரில் சாய்த்துவைத்த குடை போல இருப்பார்.

இப்படிப்பட்டவர் அறுபதுகளின் நடுவில் எங்கள் தெருச் சடுகுடுக் குழுவுக்கு வாத்தியார் ஆனது எப்படி என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் வரலாறு இது. வேகவதி ஆற்றில் ஒருநாள் ஆட்டம் நடந்தது. வேகவதியில் தண்ணீர் வருவது அபூர்வம். ஆகவே ஆறு என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டு விளையாட்டு மைதானமாக ஊருக்கு உழைத்துவந்தது. மணலில் குந்தி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த நமச்சிவாயம், அரைக்கண் மூடியபடி, யாரும் கேட்காமலே, "அவன் திரும்பச்சே இடது காலத்தான் பின்னால உடுவான். அதப் புடி" என்றார். பிடித்தார்கள். அகப்பட்டது. மறுபடி சொன்னார். மறுபடியும் அகப்பட்டது. அன்று மாலையே அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

அந்த விசிலை அவர் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை என்று அவர் மனைவி தையல்நாயகி சொல்லியிருக்கிறாள். காரணம் எளிது. தெருவில் வீட்டுக்கு வீடு தறி, தறிக்குத் தறி ஓர் ஆள். அந்த ஆட்களில் ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துச் சொல்ல அவரவர் மனைவிமாரால்தான் முடியும். விசில் வந்தபிறகு நமச்சிவாயம் ஒருவர்தான் வாத்தியார். எதிரே வருகிறவர்கள் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார்கள். டீக்கடையில் முதல் கிளாஸ் அவருக்கு வந்தது. நாற்பது வயதுக்குமேல் கிடைத்த இந்த மரியாதையை அவர் உள்ளங்கையில் பறவைக்குஞ்சை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பயிற்சி முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் உட்கார்ந்தால் கால் தானாக மிதிக்கும், கை தானாக ஊடிழை ஓட்டும் நாடாவை எறியும், தலை மட்டும் வேலையில்லாமல் இருக்கும். அந்தத் தலைக்குள் ஆட்டம் தொடங்கிவிடும். முன்னே நீள இழைகளாக விரிந்த பட்டுப் பாவு மெல்ல வெளுத்து ஆற்றுமணல் ஆகும். விடியற்காலை வெளிச்சம் கூரை இடுக்கு வழியாக இறங்கி அதன்மேல் ஆடும்போது, இழைகளுக்கு நடுவே ஆட்கள் ஓடுவார்கள், பதுங்குவார்கள், பிடிபடுவார்கள். ஒரு சத்தமும் இருக்காது. குளத்துக்கு அடியில் நடக்கிற ஆட்டம் போல இருக்கும். யார் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவருக்கு அங்கே தெரிந்துவிடும். அவர் நெய்த சேலைகளில் சில இடங்களில் யாளி இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு பிராணி இருந்ததற்கும் இதுவே காரணம்.

அவர் கனவு வெளிப்படையாகச் சர்ச்சையானது வீரபாகுவின் விஷயத்தில். வீரபாகு எங்கள் குழுவில் பாடிப்போகிறவர்களில் முதல்வன். இரண்டு வீடு தள்ளி நெய்கிறவன். மூச்சுப் பிடித்தால் கோயில் மணி அடித்து ஓயும்வரை விடமாட்டான். சின்ன காஞ்சிபுரத்து ஆட்களோடு ஆட்டம் வந்த அன்று நமச்சிவாயம் அவனை உட்கார வைத்துவிட்டார்.

"ஏன் வாத்தியாரே?"

"உன்னக் கனாவுல பாத்தேன். தெப்பக்குளத்துல வெளக்கு மாதிரி மெதந்துக்கினு போறே. கூப்புட்டாத் திரும்பல."

"அதுக்கு?"

"திரும்பாதவன எப்படிப்பா பாடி அனுப்பறது?"

குழுவின் தலைவர் வேலாயுதம் அன்றைக்கு ஆற்றிலேயே கொதித்துவிட்டார். வேலாயுதம் பல தறிகளுக்கு நூல் கொடுத்துச் சேலையாக வாங்குகிறவர். மீசை உண்டு. குழுவுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவர் என்பதால் பனியனுக்குள் இருப்பவர்களும் தம்முடையவர்களே என்று நம்பினார். "கனா கண்டு ஆள உக்கார வெச்சா, நாளைக்கு இன்னொரு கனா கண்டு கப்பத் தூக்கிக் குடுத்துடுவே" என்றார். ஆட்டத்தில் ஜெயித்தோம். மறுநாள் வீரபாகுவுக்குக் காய்ச்சல் கண்டது. கனவு பலித்தது என்றது ஒரு கட்சி. மணலில் உட்காரவைத்ததால்தான் காய்ச்சல் என்றது மறு கட்சி. இரண்டு கட்சியும் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

ஆனாலும் இவை சில்லறைச் சர்ச்சைகள். அவர் வாழ்க்கையை அசைத்தது அர்ஜுனன் விவகாரம்.

முசரவாக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அர்ஜுனன். ஏற்றம் இறைத்த தோள், சேறு மிதித்த கால். ஒருமுறை அவன் ஆடியதைப் பார்த்ததிலிருந்து நமச்சிவாயத்துக்குக் கனவில் வேறு ஆளே வரவில்லை. அவனை எங்கள் குழுவில் சேர்க்க ஒரே ஒரு தடை. தறியில் உட்கார்ந்து நெய்கிறவன்தான் எங்களுக்கு ஆடலாம் என்று குழுவின் விதி. நமச்சிவாயம் விதியை மீறுகிறவர் அல்ல. ஆகவே அர்ஜுனனைத் தறியில் உட்கார வைத்துவிடலாம் என்று தீர்மானித்து, வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

குழிக்குள் இறங்கிய அர்ஜுனனுடைய முழங்கால் தாடையைத் தொட்டது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை பட்டின்மேல் பட்ட இடமெல்லாம் இழை சிக்கிக்கொண்டு எழும்பியது. கையை எடுத்தால் பாவும் கூடவே வந்தது. தையல்நாயகி விளக்கெண்ணெய் கொண்டுவந்து அவன் கையில் தேய்த்துவிட்டாள். பிறகு எண்ணெய்க் கறை சேலையில் ஏறியது.

அதைவிடப் பெரிய விபத்து காலையில் தெருவில் நடந்தது. வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் அதைத் தாண்டுவதோ மிதிப்பதோ, அழுக்குக் கையால் தொடுவதோ கிடையாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் தெருக் குழந்தை நடக்கக் கற்கும்போதே நூலைக் கண்டால் கால் நின்றுவிடும். மாடுகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். அர்ஜுனன் சொம்பைத் தூக்கிக்கொண்டு, வரப்பைத் தாண்டுவது போல, ஒரே எட்டில் பாவைத் தாண்டிவிட்டான்.

தெருவே நின்றுபோயிற்று.

"தம்பி," என்றாள் தையல்நாயகி, மிகவும் சாந்தமாக. "உங்க ஊர்ல சோத்துப் பானையத் தாண்டுவாங்களா?"

"இல்லக்கா."

"இதுவும் பானைதான்பா."

அந்த மாத முடிவில் அவளே அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து, "நீ ரொம்ப நல்ல புள்ள. ஆனா நீ இன்னும் பத்து நாளு இங்க இருந்தா நாங்க முசரவாக்கத்துக்கு வந்து ஏர் ஓட்டணும்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். வெளியூர் ஆளைக் கள்ளத்தனமாக நெசவாளி ஆக்கப் பார்த்தார் என்று வேலாயுதம் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். இனி ஒருமுறை தவறினால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானத்தின் கடைசி வரி. நமச்சிவாயம் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தறியில் உட்கார்ந்து, வெகுநேரம் மிதிக்காமல் இருந்தார்.

"போனாப் போவுது. விசிலு சோறு போடுதா?" என்றாள் தையல்நாயகி.

"போடல."

"பின்ன?"

"அது இல்லன்னா நான் யாரு தையலு?"

தையல்நாயகி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை அமாவாசை. அமாவாசையன்று தறிக்கு லீவு என்பதால் எங்கள் ஆட்டமெல்லாம் அன்றைக்குத்தான். அந்த வருஷம் கப்புக்காக எங்களை எதிர்த்து ஆற்றில் இறங்கியது முசரவாக்கம். அவர்களுடைய தலைவன் அர்ஜுனன்.

இங்கே நமச்சிவாயத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆற்றுமணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. கொஞ்ச நேரம் ஆடினால் காலோடு போய்விடும். பிறகு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை. அதனால் அவர் தெருவெல்லாம் கழித்துப்போட்ட பட்டு நூலைச் சேர்த்து, முறுக்கி, அரக்குச் சாயம் தோய்த்து, விரல் கனத்துக்குக் கயிறாக்கி, மைதானத்தின் பக்கக் கோடுகளில் முளையடித்துக் கட்டினார். நடுக்கோடு மட்டும் மரநிழலின் ஈரமணலில் விழுந்ததால் அங்கே சுண்ணாம்பு நின்றது.

அதன் பலன் எதிர்பாராதது. எங்கள் ஆட்கள் ஒருவரும் கோட்டைத் தாண்டி அவுட் ஆவதில்லை. எவ்வளவு வேகமாக ஓடினாலும், எவ்வளவு பலமாகத் தள்ளினாலும், நூல் பக்கத்தில் வந்தால் கால் தானாக நின்றுவிடும். வெளியூர்க்காரர்கள் வரப்பைத் தாண்டுவது போலத் தாண்டி, வரிசையாக வெளியே போனார்கள். மூன்று வருஷமாகக் கப் எங்களிடமே இருந்ததன் இரகசியம் மூச்சும் அல்ல, கனவும் அல்ல, அந்த அரக்கு நூல்தான். இதை உள்ளூரில் யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்கு அது இயற்கை. முன்பு எங்கள் தெருவில் பாவைத் தாண்டிய காலை உடையவன் ஒருவன் மட்டும் கவனித்திருந்தான்.

ஆட்டம் தொடங்குமுன் அர்ஜுனன் ரெஃபரியிடம் போய் வணங்கி நின்றான்.

"ஐயா, ஒரு மைதானத்துக்கு ரெண்டு வகைக் கோடு இருக்கலாமா? நூலுன்னா எல்லாம் நூலா இருக்கட்டும். சுண்ணாம்புன்னா எல்லாம் சுண்ணாம்பா இருக்கட்டும். எங்களுக்கு எதுன்னாலும் சம்மதம்."

ரெஃபரிக்கு நியாயமாகப் பட்டது. நமச்சிவாயத்தைப் பார்த்து, "எது வேணும்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

நமச்சிவாயம் கண்ணை மூடினார். அவருக்குள் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. மூன்று வருஷத்து வெற்றி அரக்கு நிறத்தில் ஓடியிருக்கும். சுண்ணாம்பு என்றால் தம் ஆட்கள் மற்றவர்களைப் போல வெளியே ஓடுவார்கள். தோற்றால் விசில் போய்விடும். "நூலு" என்றார். மிச்சமிருந்த கயிற்றை எடுத்து அவரே நடுக்கோட்டிலும் கட்டினார். பெருமையோடு கட்டினார். முடிச்சு அழகாக இருந்தது.

ஆட்டத்தை விவரித்துப் பயனில்லை. சாயங்கால வெயில் மணலில் தேன் போல ஊறியிருந்தது. ஏகாம்பரநாதர் கோபுரம் தூரத்தில் ஒரு நினைப்பு போல நின்றது. நடுக்கோட்டில் கயிறு எட்டாமல் விட்ட ஓரத்து இடைவெளி வழியாக எங்கள் ஆட்கள் சுற்றிக்கொண்டு பாடிப் போனார்கள், வந்தார்கள்; முசரவாக்கத்து ஆட்கள் நூலைத் தாண்டியே போனார்கள், வந்தார்கள். கரையில் உட்கார்ந்திருந்த ஜனம் காற்றில் சாயும் நாணலாகச் சாய்ந்து நிமிர்ந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு நமச்சிவாயம், தாமும் அதற்குள் மிதந்துகொண்டிருந்தார். இரு பக்கமும் சமம். கடைசி ஆட்டம். வீரபாகு பாடிப் போனான்.

ஒருவனைத் தொட்டான். திரும்பினான். அர்ஜுனன் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கூடவே மற்றவர்களும் விழுந்தார்கள். வீரபாகு பாட்டை விடவில்லை. மணலில் ஊர்ந்தான். இழுத்துக்கொண்டு ஊர்ந்தான். நடுக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. கோட்டைத் தொட்டால் போதும். பிடித்தவர்கள் எல்லாரும் அவுட், கப் எங்களுக்கு. கையை நீட்டினான். கையில் மணல், வேர்வை, முழங்கையிலிருந்து கொஞ்சம் ரத்தம். எதிரே பளபளவென்று பட்டு நூல்.

கை நின்றுவிட்டது.

கரையில் இருந்த எங்கள் தெரு ஆட்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வீரபாகு கையைப் பின்னால் இழுத்து, இடுப்புத் துணியில் துடைத்தான். துடைத்துவிட்டு மறுபடி நீட்டலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அதற்குள் மூச்சு போய்விட்டது.

அர்ஜுனன்தான் முதலில் எழுந்தான். ஜெயித்தவன் குதிக்கவில்லை. வீரபாகுவைத் தூக்கி நிறுத்தி, "எனக்குத் தெரியும்பா, நீ நூலு மேல கைய வெக்க மாட்டேன்னு" என்றான். பிறகு நமச்சிவாயத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் வேலாயுதத்தின் வீட்டுக் கூடத்தில் குழு கூடியது. ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், நிர்வாகிகள் ஒரு பக்கம். நமச்சிவாயம் நடுவில். விசில் கழுத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார், கழற்றத் தோதாக.

வேலாயுதம் மீசையைத் தடவிக்கொண்டு பேசினார். "நூலக் கட்டினது யாரு? இவரு. நடுக்கோட்டுக்கும் நூலுன்னு சொன்னது யாரு? இவரு. சரி, கட்டினாரு. ஆடறவனுக்குக் கைய வெக்கச் சொல்லித் தந்தாரா? இது கழிசல் நூலுப்பா. சேலையா? பாவா? மிதிச்சா இன்னா, தொட்டா இன்னா? இத்தக்கூட சொல்லித் தராத வாத்தியாரு நமக்கு எதுக்கு?"

நமச்சிவாயம்தான் பேசினார். "தலைவரு சொல்றது சரி. தப்பு என்துதான். நூலுன்னு நான் சொன்னேன். ஆனா ஒண்ணு. மிதிக்கச் சொல்லித் தர எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு யாராச்சும் தந்தா விசிலக் குடுத்துடறேன்."

"இதுல தெரியறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் வேலாயுதம்.

ஆற்றிலிருந்து அவிழ்த்துவந்த அரக்குக் கயிறு கூடத்து மூலையில் சுருண்டு கிடந்தது. வேலாயுதம் தாமே எழுந்துபோய் அதை எடுத்து, கூடத்தின் குறுக்கே நீட்டிப் போட்டார். "பாருங்கப்பா. இதோ. இது நூலு. இது காலு." வேட்டியை மடித்துக் கட்டினார். காலைத் தூக்கினார்.

கால் மேலே போனது. கீழே வரவில்லை.

வேலாயுதம் தம் காலைப் பார்த்தார், அது வேறு ஒருவருடைய கால் என்பது போல. கொஞ்சம் இறக்கினார். மறுபடி தூக்கினார். ஒற்றைக்காலில் நின்று கொஞ்சம் ஆடினார். வீரபாகு பக்கத்தில் போய் மரியாதையாகத் தோளைப் பிடித்துக்கொண்டான். அப்படியும் கால் இறங்கவில்லை. கூடத்தில் சிரிப்பு இல்லை. நிர்வாகிகளில் ஒருவர் தம் காலைத் தாமே உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

வேலாயுதம் கடைசியில் காலை நூலுக்கு இந்தப் பக்கமாகவே வைத்தார். குனிந்து கயிற்றின் முனையைப் பிடித்து, உள்ளங்கையிலும் முழங்கையிலுமாக நிதானமாகச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"தரையில போட்டு வெக்காதீங்கப்பா. புழுதி ஏறிடும்."

பிறகு சுற்றிய சிட்டத்தை நமச்சிவாயத்தின் கையில் கொடுத்தார். "அடுத்த தை அமாவாசைக்கு ஒரு வருசம் இருக்குது. பாப்போம்."

அவ்வளவுதான் தீர்மானம். அதை யாரும் முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை. ஆனாலும் எங்கள் குழுவின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தவரிடம் தையல்நாயகி, "இருக்கறீங்களா, போயிட்டீங்களா?" என்றாள்.

"இருக்கேன்."

"அப்ப கால கழுவிக்கினு வாங்க. சோறு ஆறுது."

மறுநாள் விடியற்காலையில் தெருவில் வீரபாகுவின் பாவு விரிந்தது. மார்கழி போய்விட்டாலும் பனி போகவில்லை. இழைகள் வெண்ணிறமாக, தெரு முழுவதற்கும் ஓர் ஓடை வந்துவிட்டாற்போல, அசையாமல் ஓடின. ஒரு முனையில் நமச்சிவாயம், மறு முனையில் வீரபாகு. அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டு, இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

நடுவில் சந்தித்தபோது வீரபாகு கேட்டான்.

"வாத்தியாரே, இனிமே ஆத்துல சுண்ணாம்பா, நூலா?"

"சுண்ணாம்புதான். எல்லாக் கோட்டுக்கும்."

"அப்ப நம்மாளுங்க வெளிய ஓடி ஓடி அவுட் ஆவாங்களே."

"ஆவாங்க."

"தோத்துடுவோம் வாத்தியாரே."

நமச்சிவாயம் ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அது அறுந்திருக்கவில்லை. மறுபடி அதன் இடத்தில் படுக்க வைத்தார்.

"தோப்போம். இன்னா இப்போ? அந்தப் பக்கம் போயி ஒருதரம் பாத்துக்கினு வா."

வீரபாகு அந்தப் பக்கம் போனான். பாவு முடிகிற இடம் வரை நடந்து, சுற்றிக்கொண்டு போனான்.